வடை மடித்த தாளில் ஒரு பக்கக் கதை

இப்போது போனைத் திறந்தால் பத்து வரியில் கதை வந்துவிடுகிறது. எங்களுக்கு அது வடை மடித்த தாளில் வந்தது.

மலைமேல் வில்பட்டியில் பூண்டு ஆயும் கொட்டகையில் எனக்கு வேலை. டீக்கடை பாய் பழைய வாரப் பத்திரிகையைக் கிழித்துத்தான் வடை மடித்துக் கொடுப்பார். நான் அஞ்சாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். ஆனாலும் கொட்டகையில் விடமாட்டார்கள், வாசிக்கச் சொல்வார்கள். தொடர்கதை வந்தால் எல்லாருக்கும் எரிச்சல். முன்னும் தெரியாது, பின்னும் வராது. ஒரு பக்கக் கதைதான் எங்கள் செல்லம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஒரு நாள் வந்த கதையில் புருசன் பெண்டாட்டிக்குள் சண்டை. அவன் கோபித்துக்கொண்டு பஸ் ஏறுகிறான். குளிருமே என்று அவனுடைய ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடுகிறாள். பஸ் நகர்கிறது. அதோடு தாள் கிழிந்திருந்தது.

என் எதிரே இருந்தவளின் புருசனும் அந்த வாரம்தான் சண்டை போட்டுவிட்டுப் பள்ளங்கியில் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தார். அவள் கையில் எடுத்த பூண்டை ஆயாமல் என்னையே பார்த்தாள்.

"எறங்குனானா இல்லையா, சொல்லுங்க அத்தே!"

நான் தாளைப் பார்த்தபடியே, "எறங்கிட்டான். ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு, வா வீட்டுக்குப் போவோம்னான்" என்றேன்.

பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். "அங்க தாளே இல்லையேடி! முடிவ அத்தையே கட்டிவிடுறாங்க!"

கொட்டகையே சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். எதிரே இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. சோலி முடிந்ததும் வெரசாகக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவருக்கு ஸ்வெட்டர் ஏது அத்தே? கம்பளியத் தூக்கிட்டுப் போனேன்."

"வந்தாரா?"

"வந்து வீட்டுல கெடக்காரு. ஒரு வார்த்த பேசல. இனி நான் என்ன செய்ய? கதைய இன்னும் ரெண்டு வரி நீட்டியிருக்கக் கூடாதா?"

"எனக்கு ஒரு பக்கத்துக்கு மேல வராதுடி."

டீ வந்ததும் என் பங்கு வடையைத் தாளோடு அவள் மடியில் வைத்தேன். "அவருக்குக் கொண்டு போய்க் குடு."

அந்தத் தாளில் என்ன கதை இருந்தது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.