கானாவுக்காகப் பானையைச் சரித்தவர்

சனிக்கிழமை காலை அமாவின் மகள் வந்து கதவைத் தட்டினாள். "அன்ரி, அம்மா நித்திரையிலேயே போயிட்டா" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அழுது ஓய்ந்ததும் எனக்கு முதலில் வந்த நினைவு, கானா நாட்டு அணி கிண்ணம் எடுப்பதைப் பார்க்காமலே போய்விட்டாரே என்பதுதான். அவரை அறிந்த உங்களுக்கும் அதுதான் வந்திருக்கும்.

நோர்வேயின் மோர்டென்ஸ்ருட்டில் என் வீட்டுப் பொங்கலுக்கு வந்துபோன எல்லாருக்கும் கானாவிலிருந்து வந்த மேல்மாடி அமாவைத் தெரியும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவரும் நானும் ஒன்றாகப் பாத்திரம் கழுவினோம். நோர்வே மொழி இருவருக்கும் அரைகுறை, அதில்தான் கதைத்தோம். இங்கே அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். ஆபிரிக்க உதைபந்தாட்டக் கிண்ணத்தைக் கானா கடைசியாக வென்றபோது அவர் குமர்ப்பிள்ளை. "சாகிறதுக்குள்ள இன்னொருக்காப் பாக்கவேணும், சிஸ்டர். வேற ஒண்டும் கேக்கேல்லை" என்பார்.

போட்டி தை மாதத்தில் வந்தால் எங்கள் பொங்கலோடு முட்டும். பால் கிழக்கே பொங்கி வழிந்தால் நல்ல சகுனம் என்று ஒருமுறை அமாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிறகொரு பொங்கலன்று கானாவுக்கும் ஆட்டம். நான் சர்க்கரை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, பானை கிழக்கே சரியும்படி அதன் அடியில் ஒரு பக்கமாக அமா கரண்டிக்காம்பைச் செருகிவிட்டார்.

"இதென்ன அமா செய்யுறாய்? சாமி பாக்கும்!"

"பாக்கட்டும். நான் சாமிக்கு உதவியெல்லோ செய்யுறன்."

பால் கிழக்கே வழிந்து அடுப்பெல்லாம் தீய்ந்துபோனது. கானாவும் வென்றுகொண்டுதான் இருந்தது. முடியப்போகும் நேரத்தில் மற்றவர்கள் சமனாக்கிவிட்டார்கள். "பானை தன்ர வேலையைச் செய்தது. பெடியள்தான் செய்யேல்லை" என்றார், வாய் நிறையப் பொங்கலோடு.

மறுவாரம் குறொன்லாண்ட் கடைத்தெருவில் சாமான் வாங்கப் போனோம். அங்கே எங்கள் ஆட்களில் ஒரு பெண், அமாவை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்குப் பொங்க எங்கட சனம் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். யாரென்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இதை அவர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

"என்னவாம்?" என்றார் அமா.

எனக்கு வேறு பொய் வரவில்லை. "கானா தோக்குமாம்."

"அதைச் சொல்ல இவ வேணுமே? எனக்கே தெரியும்!" என்று அமா சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சிரித்தார். அந்தப் பெண்ணோடு நான் இன்றுவரை கதைப்பதில்லை.

அதற்குப் பல வருடங்களுக்கு முன்னர் கானாவுக்கு ஓர் இறுதியாட்டம். பெனால்டிக்குப் போய், உதைக்க ஆள் முடிந்து, கானாவின் கோல்காப்பாளரே உதைக்கவேண்டி வந்தது. அதையும் தடுத்துவிட்டார்கள். கிண்ணம் கைக்கெட்டியும் கிடைக்காமல் போனது. நான் அந்தப் பெடியனைப் பரம்பரையோடு திட்டினேன். அமா என் வாயைப் பொத்தினார். "அவன்ர தாயும் எங்கையோ இருந்து பாத்துக்கொண்டிருப்பாள், சிஸ்டர்." பிறகு எழும்பிப்போய் எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். தோற்றது அவருடைய நாடு, ஆறுதல் எனக்கு.

கடைசியாக நடந்த போட்டிக்குக் கானா தகுதியே பெறவில்லை. இனி அமா தொலைக்காட்சி பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். முதல் ஆட்டத்துக்கே கச்சான் கடலை வறுத்துக்கொண்டு வந்துவிட்டார். "கலியாணத்துக்கு எங்களைச் சொல்லேல்லை எண்டதுக்காக மேளம் கேக்கக் கூடாதோ?" என்றார். யார் கோல் அடித்தாலும் கைதட்டினார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டதில்லை.

பொறுமை, மன்னிப்பு என்று அவரிடம் இருந்த நல்ல குணம் எதுவும் என்னில் ஒட்டவில்லை, நீங்கள் அறிவீர்கள். அவர் பார்க்கக் காத்திருந்ததைப் பார்த்து முடிக்கிற வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அடுத்த போட்டியில் கானா வெல்லட்டும், இல்லாவிட்டால் அதற்கடுத்ததில். அதுவரைக்கும் எனக்குச் சாக நேரமில்லை.