டாங்கோ மேடையில் ஒரு குடும்பப் படம்

என் கல்யாணம் நெருங்கிய நேரத்தில் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்.

"என்ரை அக்கா வராத கலியாணத்திலை நான் மணவறைப் பக்கமே வரமாட்டன்."

அப்பாவின் அக்கா, சட்டன் என்ற பக்கத்து ஊரில் இருந்த என் மாமி. மாமிக்கும் அம்மாவுக்கும் ஒரு வருடமாகப் பேச்சில்லை. மாமியின் மகனுடைய கல்யாணத்தில் எல்லோரும் மேடையேறிப் படம் எடுத்தபோது, மாமி அம்மாவை ஓரத்தில் நிறுத்திவிட்டார். ஆல்பத்தில் அம்மாவின் ஒரு காதும் தோடும் மட்டுமே விழுந்திருந்தன. அதன் பிறகு, மிச்சம் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டில், அம்மா மாமியைக் கூப்பிடும் 'மச்சாள்' என்ற சொல் காதில் விழவே இல்லை.

நான் மின்பொறியியல் படித்தவள். எதில் பழுது வந்தாலும் முதலில் பட்டியல் போடுவேன். சமாதானத்துக்கு ஏற்ற இடத்துக்கும் ஒன்று போட்டேன். தெரிந்த ஆட்கள் இருக்கக்கூடாது. இடையில் எழுந்து போக முடியக்கூடாது. பேசாமல் இருப்பதற்கு இருவருக்கும் கௌரவமான சாட்டு ஒன்று வேண்டும். தெரிந்தவர்கள் நிறைந்த கோயில் முதல் வரியிலேயே தள்ளுபடி.

அந்தக் கிழமைதான் எங்கள் கம்பனி, நகரின் நடுவே இருந்த ஒரு பழைய நடன மண்டபத்தின் மேடை விளக்குகளுக்கு வயரிங் முடித்துக் கொடுத்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே டாங்கோ என்ற சோடி நடனம் ஆடிவந்த இடம். சாப்பிட்டுக்கொண்டே ஆட்டம் பார்க்கலாம். மனேஜர் எனக்கு நான்கு டிக்கெட் தந்தார். மேசையிலிருந்து வாசலுக்குப் போக ஆடுகளத்தைக் குறுக்கே கடக்க வேண்டும் என்பது, அங்கே வயர் இழுத்த எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமென்றே வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தேன். வெள்ளியில் இருவரும் சைவம். அங்கே மாட்டிறைச்சிதான் பேர்போனது. சேர்ந்து முகம் சுளிக்க ஏதாவது இருப்பது நல்லதுதானே.

அம்மாவை நான் மோர்டன் நிலையத்தில் ரயிலேற்றிக் கூட்டிப்போனேன். அப்பா மாமியை அழைத்து வந்தார். யார் யார் வருகிறார்கள் என்று நாங்கள் இருவரிடமும் சொல்லவில்லை. எப்படியும் பிந்துவோம் என்று கணக்குப் போட்டு, அம்மாவுக்கு நேரத்தை உள்ளதைவிட முந்தியே சொல்லியிருந்தேன். ஆகவே, மேசையில் மாமியைக் கண்டு அம்மா திகைத்து நின்ற அந்தக் கணத்தில் விளக்குகள் சரியாக அணைந்தன. அம்மாவுக்கு உட்காருவதைத் தவிர வழியில்லை.

எங்களுக்கு வந்தது, அவித்த குடைமிளகாய்க்குள் சோறு. அம்மா கைப்பையிலிருந்து மோர்மிளகாய்ப் பொரியலை எடுத்தார். அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பிறகு மேடையைப் பார்த்தபடி இன்னும் இரண்டை என் தட்டில் போட்டார்.

"வேணுமெண்டால் அங்காலை குடு."

மாமி ஒன்றைக் கடித்தார். "உப்புக் கூடிப்போச்சு," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மற்றதையும் சாப்பிட்டார்.

மேடையில் ஆடிய பெண் ஒரு காலைத் தூக்கித் தன்னோடு ஆடியவன் இடுப்பில் சுற்றினாள்.

"பிள்ளை, உவள் விழப்போறாள்," என்றார் அம்மா என்னிடம்.

"தம்பி, உந்தப் பெடியன் கையை விடாட்டில் சரி," என்றார் மாமி அப்பாவிடம்.

"சிரிக்கிறாளே இல்லை. வீட்டிலை ஏதோ பிரச்சினை போலை," என்றார் அம்மா.

"மச்சாளோடையாக்கும்," என்றார் மாமி, யாரையும் பார்க்காமல்.

அம்மா தண்ணீர்க் கிளாசை வாயில் வைத்துச் சிரிப்பை மறைத்தார்.

ஆட்டம் முடிந்தது. சோடி மேடையில் நின்று கைதட்டலை ஏற்றுக்கொண்டிருந்தது. மண்டபத்துப் படப்பிடிப்பாளர் கமெராவோடு முன்னால் வந்தார். மாமி எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"எங்கை அக்கா போறியள்?" என்றார் அப்பா.

"சாப்பிட்டாச்சு. சோடி மேடையிலை நிக்குது. படம் எடுக்காமல் போறதே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி மேடைப் படியில் ஏறிவிட்டார். "உங்கை பார், முதல் ஆளாய்ப் போறா," என்றபடி அம்மாவும் பின்னால் விரைந்தார். நாங்களும் போனோம். ஆடிய இருவரும் முதலில் விழித்தார்கள், பிறகு சிரித்து இடம்விட்டார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்த ஓர் ஆங்கிலேயத் தம்பதி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. பிறகு இன்னொரு மேசை. சற்று நேரத்தில் நல்ல வரிசை.

அம்மா வேண்டுமென்றே போய் ஓரத்தில் நின்றார். மாமி திரும்பிப் பார்த்தார்.

"மச்சாள், நடுவுக்கு வாங்கோ. பிறகு என்னைத்தான் சொல்லுவியள்."

"நான் எப்ப சொன்னனான்?"

"ஊர் முழுக்கச் சொன்னனீங்கள். சட்டன் வரைக்கும் வந்தது."

"ஒரு காது, மச்சாள்! ஒரே ஒரு காது!"

"தோடும் விழுந்ததுதானே. வடிவான தோடு."

நடுவில் சோடி அசையாமல் புன்னகைத்தது. படப்பிடிப்பாளர் கமெராவை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். அப்பா மட்டும் கமெராவை நேராகப் பார்த்து நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

மோர்டன் வரைக்கும் ரயிலில் இருவரும் அருகருகே இருந்து, எந்தக் கல்யாணத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று சண்டை பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

என் கல்யாணத்துக்கு மாமி முதல் ஆளாக வந்தார். படத்துக்கு ஆட்களை நிறுத்தும் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். எங்கள் ஆல்பத்தில் எல்லாப் படங்களிலும் அம்மா நட்டநடுவில் நிற்கிறார். சிலவற்றில் என் கணவரும் இருக்கிறார்: ஒரு காது, கொஞ்சம் தலைப்பாகை.