ஐந்தரை மணி நேரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் இருக்கும் ஒரு சாயப்பட்டறைக்கு என் கம்பெனி என்னை அனுப்பியிருந்தது. அங்கே சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட்டில் பம்பு, தொட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்ளும். ஏதாவது கோளாறு என்றால் ஹாரன் அடிக்கும், திரையில் சிவப்பாக ஒரு செய்தி வரும். கோளாறு சரியானதும் செய்தி மறைந்துவிடும். அப்படி மறைந்து போகாமல், ஒவ்வொரு செய்தியும் அது வந்த நேரத்தோடு டேட்டாபேஸில் பதிவாக வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். அதைச் செய்து கொடுக்கத்தான் போயிருந்தேன்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். அறையில் இருந்த மற்றவர்கள் பனியன் கம்பெனிக்குப் போகும் சின்னப் பெண்கள். வேலை விட்டு வந்ததும் ஆளுக்கொரு மூலையில் போனில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். என் போனுக்கு பேங்க் மெசேஜ்தான் வரும்.

பிளான்ட்டின் கன்ட்ரோல் ரூமில் காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை வேலை பார்த்தவள் என் வயதுக்காரி. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம். கணவர் இல்லை. மகள் ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாள். இவள் திருப்பூரில் மண்ணரைப் பகுதியில் ஒரு லைன் வீட்டில் தனியாக இருந்தாள். முதல் இரண்டு நாள் என்னை ‘மேடம்’ என்றாள். மூன்றாம் நாள் நான் பிஸ்கட்டோடு மதியத்தை முடிப்பதைப் பார்த்துவிட்டு, “இதென்ன பிள்ள சாப்பாடு?” என்று தன் டிபன் பாக்ஸை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். அதற்குப் பிறகு நான் அவளுக்குப் பிள்ளதான். காய்ச்சலா, தூங்கினாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று என்னைக் கேட்க அந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

மூன்று வாரத்தில் பதிவு வேலை செய்ய ஆரம்பித்தது. செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக டேட்டாபேஸில் விழுவதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை.

அதற்கு நாலாம் நாள் பக்கத்துத் தோட்டக்காரர் சாயங்காலம் மேனேஜரைத் தேடி வந்து சத்தம் போட்டார். அவருடைய வாய்க்காலில் ஊதாத் தண்ணீர் நின்றதாம். பட்டறையின் தொட்டி ஒன்று நிறைந்து வழிந்திருக்கிறது. அதிகாரிகள் காதுக்குப் போனால் பட்டறைக்கே சீல் வைத்துவிடுவார்கள். மறுநாள் காலை மேனேஜர் என்னிடம் வந்தார்.

“ஏனுங்க மேடம், ரெக்கார்டு என்ன சொல்லுதுங்க?”

ரிப்போர்ட் எடுத்தேன். தொட்டி நிறைந்துவிட்டது என்ற செய்தி முந்தின நாள் காலை ஒன்பது நாற்பதுக்கு வந்திருந்தது. இருபது நிமிடம் அதை யாரும் கவனிக்கவில்லை. ஒன்பது நாற்பது என்றால் காலை ஷிப்ட். அவளுடைய ஷிப்ட்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “ஹாரன் அடிக்கவே இல்லையே சார். நான் எடத்த விட்டு அசையல” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீயும் பக்கத்துலதான இருந்த பிள்ள? அடிச்சிருந்தா கேட்டிருக்கும்லா?”

முந்தின நாள் நான் பக்கத்தில்தான் இருந்தேன். மதியச் சாப்பாடு வரை அந்த அறையை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகுதான் கோயம்புத்தூர் ஆபீசுக்குக் கிளம்பினேன். எந்த ஹாரனும் என் காதில் விழவில்லை. ஆனால் கையில் இருந்த காகிதத்தில் நேரம் அச்சாகியிருந்தது. அது நான் செய்த வேலை. ஹாரன் அடிக்கவில்லை என்று சொன்னால் என் வேலை தப்பு என்றாகிவிடும்.

“நான் வேலையில இருந்தேன். நான்தான் கவனிக்கலையோ என்னவோ” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். பையை எடுக்க வந்தபோது நான் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு அந்த அறையில் நானும் ஃபேன் சத்தமும்தான். புதிதாக வந்தவர் வெளியே போய்ச் சாப்பிடுவார். நான் மறுபடி பிஸ்கட்டுக்கு வந்தேன். ஒரு தடவை அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்காததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒன்பது நாள் கழித்து ஒரு பம்பை மாற்றினார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனை நானே அழுத்தினேன். மதியம் பன்னிரண்டரை மணி. அந்தச் செய்தி பதிவாகியிருக்கிறதா என்று ரிப்போர்ட்டைத் திறந்தேன். பதிவாகியிருந்தது. நேரம் காலை ஏழு மணி என்று இருந்தது.

காலை ஏழு மணிக்கு நான் ஹாஸ்டலில் குளிக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

உடனே செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். டேட்டாபேஸ் நம் ஊர் நேரத்தில் பதியவில்லை. உலகப் பொது நேரத்தில் பதிந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். திரையில் சரியான நேரம் தெரிந்ததால் ரிப்போர்ட்டை நான் ஒத்துப் பார்க்கவே இல்லை. ஒன்பது நாற்பதோடு ஐந்தரையைக் கூட்டினேன். மூன்று பத்து. தொட்டி நிறைந்தது மத்தியானம் மூன்று பத்துக்கு. அப்போது அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். “முடிஞ்சு போனதுங்க மேடம். நேரத்த மட்டும் சரி பண்ணிருங்க, போதும்” என்றார். சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் முதலாளியைப் பார்த்து, தப்பு என்னுடையது என்று எழுதியே கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். “விசாரிக்காம அனுப்புனது எங்க தப்பும்தானுங்க. அந்த அம்மிணிய வரச் சொல்லுங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்ணரைக்குப் போனேன். அவள் குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தரை மணி நேரத்தைப் பற்றி, டேட்டாபேஸைப் பற்றி, முதலாளி வரச் சொன்னதைப் பற்றி. குடம் நிறையும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மெஷின் தப்பாச் சொல்லிட்டுன்னு சொல்லுதீங்க. சரி. ஒங்க காதுக்கு என்ன வந்துச்சு மேடம்?”

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை பட்டறைக்கு வந்தாள். முதலாளி எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். மறுபடி வேலையில் சேரச் சொன்னார். “வேல வேண்டாம்யா. எம்மேல தப்பில்லன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கன்ட்ரோல் ரூம் வழியாகத்தான் வெளியே போனாள். “வாரேன் மேடம்” என்று சொன்னாள். அதில் கோபம்கூட இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

இப்போது எத்தனையோ பட்டறைகளில் இதே வேலையைச் செய்கிறேன், நேரத்தை மூன்று தடவை ஒத்துப் பார்க்கிறேன். ஆனால் அன்று ‘எனக்கும் கேட்கவில்லை’ என்ற இரண்டே வார்த்தைகளைச் சொல்லாமல் விட்டதை எந்த மென்பொருளிலும் போய்த் திருத்த முடியாது என்பது, தனியாகச் சாப்பிட உட்காரும் நாட்களிலெல்லாம் நெஞ்சில் வந்து நிற்கிறது.