கலா அக்கா பிடுங்கிப்போட்ட முளைக்குச்சி

கலா அக்கா போயிட்டாங்க. நேத்து காலைல, ஹார்ட் அட்டாக். நீடாமங்கலத்துல மக வீட்டுல காபி ஆத்திட்டிருந்தவங்க அப்படியே உக்காந்துட்டாங்களாம்...

தொல்லியல் வேலைல எனக்கு சீனியர். தோண்டுற குழியோட மண் அடுக்கை வரையறது அவங்க வேலை, போட்டோ எடுக்கறது என் வேலை.

ரெண்டு பேரும் முதல்ல ஒண்ணா வேலை பாத்தது கொள்ளிடம் கடல்ல கலக்குற இடத்துல ஒரு திட்டு. சுத்தியும் தண்ணி, நடுவுல கொஞ்சம் குடிசைங்க.

அக்காவுக்கு நீச்சல் தெரியாது. படகு ஏறினா கண்ணை இறுக்கி மூடிட்டு என் சட்டையப் புடிச்சுக்குவாங்க. ஒரு நாள் அலை ஒரு தூக்கு தூக்குச்சு, என் பாக்கெட் அவங்க கையோட போச்சு. "இங்க உயிரே போகுது, நீ சட்டைக்கு அழுவுறியேடா"ன்னு என்னையே திட்டினாங்க.

எங்க வேலைல முதல் காரியம் நாலு மூலைல முளைக்குச்சி அடிச்சு கயிறு கட்டறது. அப்பதான் குழி சதுரமா வரும். அங்கயும் வழக்கம்போல அடிச்சோம். யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல.

அந்த ஜனங்களுக்குப் பட்டா கிடையாது. ஆட்சி மாறும், எம்.எல்.ஏ. மாறுவாரு, "அடுத்த ஜமாபந்தில பாத்துக்கலாம்"ங்கற பதில் மட்டும் மாறாது. நாங்க போனதுக்கு முந்தின வருஷம்தான் யாரோ இதே மாதிரி முளை அடிச்சு, கயிறு கட்டி, பாதித் திட்டை எறால் பண்ணைக்கு வளைச்சிருக்காங்க.

நாங்க அடிச்ச முளையப் பாத்ததும் அந்த ஜனங்க அரிவா, துடுப்பு எல்லாம் தூக்கிட்டு எங்களச் சுத்தி நின்னுட்டாங்க. எங்க படகு அந்தக் கரைல. சத்தியமா பொணமாத்தான் திரும்புவோம்னு நினைச்சேன்.

அக்காவுக்கும் பயந்தான். ஆனா குனிஞ்சு ஒவ்வொரு முளையா அவங்களே பிடுங்கிப் போட்டாங்க. கயித்தச் சுருட்டி முன்னாடி நின்ன அஞ்சலைங்கற அம்மா கைல குடுத்தாங்க. "நீங்க கட்டச் சொன்னா கட்டுறோம். இல்லன்னா இப்பவே கிளம்பிடறோம்."

அஞ்சலை முறைச்சாங்க. "எதுக்குத் தோண்டணுங்கறீங்க?"

"உங்களுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்கன்னு பாக்கத்தான்."

"நாங்கதான் இருந்தோம். வேற யாரு இருப்பா?"

மறுநாள் அந்தக் கயித்தக் கட்டினது அஞ்சலைதான்.

ஆளுயரம் போனதும் ஒரு அடுப்பு வந்துச்சு. கருகின மண்ணு, மீன்முள்ளு, சிப்பி, கருப்பு-சிவப்புப் பானை ஓடு... ரெண்டாயிரம் வருஷப் பழசு. அதுக்கு மேல ஒரு முழத்துக்கு வெறும் கடல் மணல். ஒரு ஓடு கூட இல்ல. அதுக்கும் மேல மறுபடி அடுப்பு.

வரைஞ்சிட்டிருந்த அக்கா பென்சிலை நிறுத்திட்டாங்க. "கடல் உள்ள வந்துருக்குடா... எத்தனை பேரு போனாங்களோ. அப்பறமும் இங்கயே வந்து உலை வச்சிருக்காங்க பாரேன்."

இப்ப மறுபடி அங்க முளை அடிச்சிருக்காங்க. இந்தத் தடவை இரும்புக் கம்பி. ஆளே குடியிருக்காத வெத்து மணல்திட்டு அதுன்னு அடிச்சவங்க சொல்றாங்களாம்! திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல விசாரணை. அங்க காலங்காலமா ஜனங்க இருந்தாங்கன்னு சொல்ல அக்கா போறதா இருந்தாங்க.

போன வாரம் அவங்களுக்கு ஒரு போன். யாருன்னு சொல்லல. "வயசான காலத்துல உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" அத எங்கிட்ட சொல்லி சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல.

நேத்து துக்கத்துக்கு அஞ்சலை வந்திருந்தாங்க. அழுது ஓய்ஞ்சு எங்கிட்ட வந்தாங்க. "எங்க சொல்லு அங்க எடுபடாது தம்பி. கூட இருந்து பாத்தது நீங்க ஒருத்தர்தான். வருவீங்கல்ல?"

வரேன்னு சொல்லிட்டேன்.

அப்பலேர்ந்து போன் அடிச்சாலே தூக்கிப் போடுது. இத இங்க எழுதறதும் அந்தப் பயத்துலதான்... திங்கக்கிழமை நான் எங்க போறேன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.

போயிட்டு வாங்க அக்கா. பயந்துகிட்டேதான் போவேன்... ஆனா போவேன்.