வாண்டாவின் காபிக் கோப்பை

அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் வாண்டா வேலை பார்க்காத கட்டடம் குறைவு. தற்காலிக வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி காலையில் போன் செய்யும். பல் மருத்துவரிடம் ஒரு வாரம், கண்ணாடித் தொழிற்சாலையில் இரண்டு வாரம் என்று ஓடுவாள். மறுநாள் எங்கே என்று தெரியாததால் தன் காபிக் கோப்பையைத் தினமும் வீட்டுக்கே தூக்கிப் போவாள். அதை விட்டுவிட்டுப் போக நிரந்தரமாக ஒரு மேசை வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

ஏஜென்சியில் போன் எடுக்கும் பெண் பிரசவ விடுப்பில் போனதும், முதலாளி க்ளென் அந்த நாற்காலியிலும் வாண்டாவையே உட்கார வைத்தார். அன்றே ஒரு பெயின்ட் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார்.

“வரவேற்பறைக்கு ஒரு ஆள் வேணுங்க. பிடிச்சுப்போனா நிரந்தரமாவே வச்சுக்குவோம்.”

“தங்கமான ஆளு இருக்காங்க சார். நாளைக்கே அனுப்புறேன்.”

க்ளென் எட்டிப் பார்த்தார். “யாரும்மா அந்தத் தங்கம்?”

“நான்தான் பாஸ்.”

“அடிப்பாவி! அப்ப இங்க போனை யாரு எடுப்பா?”

“தற்காலிகமா ஒருத்தரைப் போடுங்க. நல்ல ஏஜென்சி ஒண்ணு எனக்குத் தெரியும்.”

க்ளெனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனியிடமிருந்து கமிஷனும் வரப்போகிறதே.

மூன்று மாதம் பார்த்துவிட்டு, பெயின்ட் கம்பெனி அவளைத் தன் ஆளாக்கிக்கொண்டது. அன்று மாலை வாண்டா கோப்பையைக் கழுவக்கூட இல்லை. மேசையிலேயே விட்டுவிட்டு வெறும் பையோடு பஸ் ஏறினாள்.