நெல் கொண்டுவந்த முயல்

அம்மா டென்மார்க்குக்கு வருவதும் வராமல் போவதும் என்னுடைய நடத்தையில்தான் தங்கியிருக்கிறது என்று ஒன்பது வயதில் எனக்கு உறுதியாகத் தெரியும். என் நடத்தையை அறிந்தவர்கள் அம்மாவுக்காக இரங்கலாம்.

அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும், நானும் பிராண்டே என்ற சிற்றூரின் எல்லையில், மாடுகளுக்குப் போடும் பீட் கிழங்கு வயலை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவும் தங்கையும் கொழும்பில் ஓர் அறையில் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிட அப்பா எப்போதோ விண்ணப்பம் போட்டுவிட்டார். பதில் மட்டும் வரவில்லை. பதில் வராத வீட்டில் காரணம் பிறக்கத்தானே செய்யும். அப்பா கண்டுபிடித்த காரணம் இது.

“டெனிஷ்காரர் எங்களைப் பாத்துக்கொண்டிருக்கினம். நாங்கள் ஒழுங்கா இருந்தால்தான் அம்மாவை விடுவினம். விளங்குதோ?”

“ஓம் அப்பா.”

ஆகவே பஸ்ஸில் நாங்கள் கிசுகிசுத்தோம். மீன் பொரிக்கும்போது ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கண்ணீரோடு இருமினோம். பனி கொட்டினால் அப்பா எங்கள் வாசலோடு நிற்காமல் இரண்டு பக்கத்து வீட்டு வாசல்களையும் வழித்துவிட்டுத்தான் துணி ஆலைக்குப் போவார். நானும் என் பங்குக்குக் கணக்கு வைத்திருந்தேன். அயலில் ஓர் அப்பிளைக் களவாகப் பிடுங்கினால் அம்மா ஒரு வாரம் பிந்துவார். அந்தக் கணக்குப்படி பார்த்தால், அந்த இலையுதிர்காலத்தில் நான் பிடுங்கியவற்றுக்கு அம்மா என்னுடைய கல்யாணத்துக்குத்தான் வந்து சேர்ந்திருப்பார்.

பக்கத்து வீட்டுக்காரர் தனியாள். இளவயதில் அயர்லாந்தில் குதிரை லாயங்களில் வேலை செய்தவர். அங்கிருந்து கொண்டுவந்த குட்டியின் வழியில் பிறந்த ஒரு நாய் அவரிடம் இருந்தது. சாம்பல் நிறம், கலைந்த கம்பளி போன்ற மயிர், எண்ணக்கூடிய விலா எலும்புகள், வளைந்த முதுகு. உயரம் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அந்த வகையை லர்ச்சர் என்பார். பெயர் நெல். அயர்லாந்தில் பெண் நாய்களுக்குச் சாதாரணமாக வைக்கும் பெயராம். மாமாவுக்கு அது தாங்க முடியாத சிரிப்பு.

“சோறு கிடையாத ஊரிலை நாய்க்கு நெல்லெண்டு பேர்.”

மாமா வன்னியில் வேட்டைக்குப் போனவர். போனதை விடக் கூடுதலாகக் கதைத்தவர். அவருடைய நாய் குரைத்தால் மூன்று குளம் தாண்டிக் கேட்குமாம். உடும்பு அந்தச் சத்தத்திலேயே மரத்திலிருந்து விழுந்துவிடுமாம். நெல்லோ குரைப்பதே இல்லை. தபால்காரர் வந்தாலும் ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்க்கும்.

“இது நாயோ, கொடியிலை காயப்போட்ட சாரமோ? குரைக்கத் தெரியாத நாய் வேட்டைக்கு உதவுமே, மருமோன்?”

நான் உதவாது என்றேன். அறிஞர்கள் இருவர் அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகு நெல்லால் என்ன செய்ய முடியும்.

அக்டோபரில் பள்ளிகளுக்கு ஒரு வார விடுமுறை வரும். முன்பு பிள்ளைகள் வயலில் கிழங்கு பொறுக்கிய காலத்து வழக்கம் என்பதால் அதற்கு உருளைக்கிழங்கு விடுமுறை என்றே பெயர். எங்கள் வகுப்பில் ஒரு முயல் இருந்தது. கொழுத்த, மண் நிற முயல். விடுமுறைகளில் அதை ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அந்த முறை ஆசிரியை என்னைத் தேர்ந்தெடுத்தார்.

அப்பா கூட்டைச் சுற்றி வந்து பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. டென்மார்க் இராச்சியமே தன் முயலை எங்களை நம்பித் தந்ததுபோல நின்றார். “கவனம்,” என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் அம்மாவும் தங்கையும் இருந்தார்கள்.

மாமா இரவு வேலை முடித்து வந்து தூங்கி, மத்தியானம் எழும்பித்தான் முயலைக் கண்டார்.

“ஆர் தந்தது?”

“டீச்சர் தந்தவ.”

“நல்ல மனுசி,” என்றார் மாமா.

நான் அதற்குமேல் விளக்கவில்லை. விளக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்காரர் விடுமுறைக்கு முன் உங்கள் கையில் ஒரு சேவலைக் கொடுத்துவிட்டால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. மாமாவுக்கு அந்தப் பொருள் கறிச்சட்டியில் கொதிக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் முயலுக்குப் புல் பிடுங்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வீட்டுக்குப் பின்னால் வறுத்த மிளகும் பெருஞ்சீரகமும் மணத்தன. மாமா வலது கையில் கத்தியும் இடது கையில் எங்கள் வகுப்பு முயலுமாக நின்றார். பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தார்.

நான் போட்ட கூச்சலுக்கு வன்னி உடும்பெல்லாம் விழுந்திருக்கும். மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். முயல் பின்னங்காலால் அவருடைய வயிற்றில் ஓர் உதை விட்டுவிட்டு, வேலியின் அடியால் நுழைந்து, பீட் வயலுக்குள் மறைந்தது.

வயல் முழுக்க என் முழங்கால் உயரத்துக்கு இலைகள். அந்தப் பக்கத்தில் கம்பிவேலி, அதற்கப்பால் பள்ளமும் பற்றையும் நரி வளைகளும். நான் வயலின் ஓரத்தில் நின்று அழுதேன். முயலுக்காக அழுதேன் என்று சொன்னால் நன்றாயிருக்கும். நான் கணக்குப் பார்த்து அழுதேன். ஓர் அப்பிளுக்கு ஒரு வாரம் என்றால் ஒரு முயலுக்கு எவ்வளவு?

பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

“மாமா முயலுக்கு உடற்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்,” என்றேன்.

அவர் மாமாவைப் பார்த்தார். மாமாவின் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். வாசற்படியில் அரிந்து வைத்திருந்த வெங்காயத்தைப் பார்த்தார். “யா, யா,” என்று மெல்லச் சொல்லிவிட்டு வாய்க்குள் ஒரு சின்னச் சீழ்க்கை அடித்தார்.

நெல் வந்தது. எங்களுக்கு இடையிலிருந்த மரவேலியை நின்ற இடத்திலிருந்தே, ஓடாமல், யாரோ தூக்கி வைத்ததுபோலத் தாண்டி வந்தது. அவர் முயல்கூட்டு வைக்கோலில் ஒரு பிடியை அதன் மூக்கில் காட்டினார். மாமா தன் அனுபவத்தை உதவிக்கு அனுப்ப விரும்பி, “உச்சூ! பிடி!” என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் உதட்டில் விரலை வைத்தார். மாமா வாயை மூடியதை நான் கண்டது அதுதான் முதல் தடவை.

நாய் ஓடவில்லை. கிழங்கு வரிசைகளுக்கு நடுவே நடந்தது. வாலைத் தாழ்த்தி, இலைகள் அசையாமல், கோவிலுக்குள் போகிறவர்போல நடந்தது. நடு வயலில் நின்றது. ஒரு முன்னங்கால் மடங்கி அந்தரத்தில் நின்றது. பிறகு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அனுமதி கேட்கிறது என்று எனக்கே விளங்கியது. அவர் தலையை அசைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இத்தனை வருடங்களாகப் பலருக்குச் சொல்லிப் பார்க்கிறேன். சரியாக வருவதில்லை. சாரம் என்று நாங்கள் சிரித்த அந்த உடம்பு ஒரு வில்லாகி, அம்புமாகிப் போனது. முயல் நேரே ஓடி, சட்டென்று இடப்பக்கம் வெட்டியது. நாய் அதே இடத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில், திரும்பியது. முயல் வலப்பக்கம் வெட்டியது. நாயும் வெட்டியது. இரண்டும் ஒரே நூலில் கட்டிய பட்டமும் வாலும் போல வளைந்து வளைந்து போயின. ஒரு குரைப்பு இல்லை. ஓர் உறுமல் இல்லை. இலைகள் சரசரக்கும் சத்தம் மட்டும்தான். முயல் கம்பிவேலிக்குக் கீழால் போனது, நாய் மேலால் போனது, பற்றை இரண்டையும் விழுங்கியது.

பிறகு ஒன்றுமில்லை.

“முடிஞ்சுது,” என்றார் மாமா மெல்ல. “கடிச்சிருக்கும்.” கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், ஏதோ குற்றம் செய்தது நாய்தான் என்பதுபோல.

பற்றை அசைந்தது. நெல் வெளியே வந்தது. தலையை உயர்த்திப் பிடித்திருந்தது. வாயில் முயல். அந்தச் சுமையோடு கம்பிவேலியைத் தாண்டி, வரிசைக்குள் இறங்கி, அவசரமில்லாமல் எங்களை நோக்கி வந்தது. முயலின் இரண்டு காதுகளும் நிமிர்ந்து நின்றன. கண் திறந்திருந்தது. ஆட்டோவில் போகிறவர்போல சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு வந்தது.

“குந்து. இரண்டு கையையும் நீட்டு,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம்.

நீட்டினேன். நெல் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, என் கைகளில் முயலை வைத்தது. போடவில்லை, வைத்தது. எச்சிலில் நனைந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது, கையில் முயல் இருந்ததால் முடியவில்லை.

“இது நாயில்லை,” என்றார் மாமா கடைசியில். “தபால்காரன். அட்ரஸ் பாத்துக் குடுக்குது.”

பக்கத்து வீட்டுக்காரர் அதன் காதைத் தடவியபடி சொன்னார். இது ஒரு சாதி நாய் அல்ல, வேலைக்காகக் கலந்த நாய். ஓட்டத்துக்கு விப்பெட் என்ற பந்தய நாயின் இரத்தம், துணிச்சலுக்கு டெரியர் என்ற வளை தோண்டும் நாயின் இரத்தம். பெரிய நாய்கள் நேர் ஓட்டத்தில் வெல்லும், ஆனால் முயல் நேரே ஓடாது. அதற்குச் சின்னதுதான் வேண்டும்.

“ஏன் குரைப்பதில்லை?” என்று கேட்டேன்.

“பழைய நாளில் இதை வைத்திருந்தவர்களுக்குச் சொந்த நிலம் இருக்கவில்லை. மற்றவர்களுடைய நிலத்தில் வேட்டையாடினார்கள். நாய் சத்தம் போட்டால் விரட்டிவிடுவார்கள்.”

பஸ்ஸில் அப்பா செய்வதுபோல என்று நினைத்தேன். அவரிடமும் அப்படியே சொன்னேன். சத்தம் போடாமல் ஒழுங்காக இருந்தால்தான் அம்மாவை விடுவார்கள், இப்போது முயலும் கிடைத்துவிட்டது, இனி அம்மா வந்துவிடுவார் என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுபோயிருந்தது.

அன்று வறுத்த தூளில் மாமா முட்டைக்கறி வைத்தார். நெல்லுக்குத் தன் பங்கிலிருந்து இரண்டு முட்டைகளைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கழுவாமல் கொடுத்தார். அவர் ஒரு வாளித் தண்ணீர் குடித்ததாகக் கேள்வி.

முயல் பள்ளிக்குத் திரும்பியது. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அம்மா வரவில்லை.

பனி விழுந்த ஒரு காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கையில் அன்றைய பேப்பருடன் வேலிக்கு வந்தார். அப்பாவும் அவரும் வெகுநேரம் நின்றார்கள். அப்பாவுக்கு டெனிஷ் அவ்வளவு வராது, அதனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினார். எங்கள் ஆட்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பக் கோப்புகளை எடுத்துப் பார்க்காமலே வைத்திருக்கும்படி மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள் என்பதும், ஒழுங்கானவருடையதும் ஒழுங்கில்லாதவருடையதும் ஒன்றாகத்தான் கிடந்தன என்பதும், அன்றைய பேப்பரில் இருந்தது அந்தச் செய்திதான் என்பதும், நான் வளர்ந்து, அதற்காக ஓர் அமைச்சர் மீதே நடந்த தமிழர் வழக்கைப் பற்றிப் படித்தபோது அறிந்தவை. அன்று நான் ஜன்னலால் பார்த்தது நாயை மட்டும்தான்.

அப்பா உள்ளே வந்தார். அன்று அவர் எங்கள் வாசலை மட்டும்தான் வழித்திருந்தார்.

“இனி நீ விரும்பினபடி குழப்படி செய்யலாம்,” என்றார்.

நான் நம்பவில்லை. “உண்மையாவோ அப்பா?”

“ஓம். கத்து, ஓடு, என்னெண்டாலும் செய்.”

முயலின் கதை எப்படியோ அப்பாவுக்கும் டெனிஷ்காரருக்கும் தெரிந்துவிட்டது, இது அதற்கான பரிசு என்று விளங்கிக்கொண்டேன். நெல்லிடம் சொல்வதற்காகச் சப்பாத்துகூடப் போடாமல் பனிக்குள் கத்திக்கொண்டு ஓடினேன். அப்பா பனி வழிக்கும் சவலைக் கையில் பிடித்தபடியே குசினிக்குள் நின்றதும், அதிலிருந்து தண்ணீர் நிலமெல்லாம் சொட்டியதும் எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.