கோர்வைத் தறியில் அக்காவின் இடம்

"தம்பிக்கு, இங்கு எல்லோரும் நலம். உன் மாமா பக்கத்தில் இப்போது எதிர்வீட்டு கோவிந்தண்ணன் உட்கார்ந்து நெய்கிறார். சிரிக்காதே. மீதியை நேரில் சொல்கிறேன்."

அக்கா எனக்கு எழுதிய இன்லண்டு கடிதத்தில் உள்ள வரிகள் இவை. கடிதத்தில் தேதி போடும் பழக்கம் அவருக்கு இல்லை. அஞ்சல் முத்திரையில் ஆரணி என்பதும் 1978 நவம்பர் என்பதும் தெரிகின்றன, நாள் அழிந்துவிட்டது. நான் அப்போது வேலூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். கடிதத்தைப் படித்ததும், அவர் வேண்டாம் என்றதையேதான் செய்தேன். ஏன் சிரித்தேன் என்பதைச் சொன்னால் அக்காவைப் பற்றிப் பெரும்பகுதி சொன்னதாகிவிடும். முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரை வாங்கிக்கொள்ளும் உறவினர்களும் நண்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

அக்கா தேவிகாபுரத்தில் 1953இல் பிறந்தார். பள்ளிச் சான்றிதழ் ஜூன் மாதம் என்கிறது. எங்கள் அம்மா ஆவணி என்பார். பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் இரண்டு மாதம் கூட்டி எழுதியிருப்பார் என்று கருதி, அம்மாவின் கணக்கையே நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். எங்கள் அப்பாவுக்கு ஒரு தறி இருந்தது. அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அதில் உட்கார்ந்தார். 1973 தை மாதம் திருமணமாகி ஆரணிக்கு வந்தார்.

மாமாவின் வீட்டில் இருந்தது கோர்வைத் தறி. தறியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால், இரண்டுக்கும் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா தனித்தனியாக ஓட வேண்டும்; ஒவ்வொரு இழையிலும் உடலும் கரையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. குழியில் கால் வைத்து நெய்பவர் ஒருவர். அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா கொடுப்பவர் இன்னொருவர். அந்த இரண்டாவது இடம் பெரும்பாலும் மனைவியுடையது. அக்கா அதில் உட்கார்ந்தால் தறி ஓடும்; எழுந்தால் நின்றுவிடும்.

குழந்தை பெறுவதில் அவர்களுக்கு இருந்த சிக்கல் இதுதான். திருமணமான இரண்டு வருடத்தில் பட்டு நூல் விலை ஏறியது. பாவு, அதாவது சில புடவைகளுக்கான நீள இழைகள் கொடுக்கும் முதலாளி ஒரு பாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே காக்க வைத்தார். வருமானம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. அக்கா கர்ப்பமாகி எழுந்துவிட்டால் அந்தப் பாதியும் போகும். கூலிக்கு ஆள் வைத்தால் கூலியில் பெரும்பங்கு அந்த ஆளுக்கே போய்விடும். ஆகவே இருவரும் பேசி வைத்துக்கொண்டு தள்ளிப்போட்டார்கள். இது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவுக்குக் குழந்தை இல்லை என்பது மட்டும்தான்.

ஒரு கல்யாணப் பந்தியில் சித்தி முறையுள்ள ஒருவர் கேட்டதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

"இன்னாடி, இன்னும் தறியத்தான் தாலாட்டிகினு கீறியா?"

"தறி அழுவாது சித்தி. அதான்" என்றார் அக்கா. அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தார். மாமாதான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

1977இல் எதிர்வீட்டு தனம் கர்ப்பமானார். அவர் கணவர் கோவிந்தண்ணனுடையதும் கோர்வைத் தறி. தனம் எழுந்ததும் அந்தத் தறி நின்றது. யாரும் கேட்காமலே அக்கா தெருவைக் கடந்து போய் தனத்தின் இடத்தில் உட்கார்ந்தார். காலையில் தம் வீட்டுத் தறி, பிற்பகலில் எதிர்வீட்டுத் தறி. தனத்தின் அம்மா களம்பூரிலிருந்து வந்திருந்தார்.

"உனுக்கு இன்னாம்மா குடுக்கறது நாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஒண்ணும் வாணாம். எனக்கு வரும்போது தனம் வந்து உக்காரட்டும்."

வாசலில் நூலை உலர்த்திக்கொண்டிருந்த மாமாவின் காதில் இது விழுந்தது. அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்:

"எனக்கு வரும்போதுன்னு சொல்லிகினு இருந்தியே, எப்போ?"

"நீங்கதான் சொல்லணும்."

"மொதலாளி பாவு ஒழுங்கா குடுக்கட்டும்னு..."

"அவுரு குடுக்கறத பாத்துகினு இருந்தா, பேரன் எடுக்கற வயசுல நமக்குப் புள்ள பொறக்கும். பரவால்லீங்களா?"

மாமா இதைப் பிற்காலத்தில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்று சிரிக்கவில்லையாம்.

அடுத்த ஆண்டு அக்கா கருவுற்றார். ஐந்தாம் மாதத்தில் சற்றே உதிரம் பட்டது. இனி காலை மடக்கி உட்காரவே கூடாது, படுத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தனம் வந்து உட்கார வேண்டிய நேரம். ஆனால் தனம் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து, வாசலிலேயே நின்று அழுதார். அவர் மறுபடியும் கர்ப்பமாகி இருந்தார். தண்ணீர் குடித்தாலும் வாந்தி.

"அழுவாத தனம். இதுக்குப் போயி யாராவது அழுவாங்களா?" என்று பாயில் படுத்திருந்த அக்காதான் அவரைத் தேற்றினார்.

தனத்தின் பின்னால் நின்றிருந்த கோவிந்தண்ணன், "நான் உக்கார்றேன்" என்றார். "எங்க தறியும் சும்மாதான கீது. காலையில உங்க தறியில நான் கரைக்கு உக்கார்றேன். மத்தியானம் எங்க தறியில மச்சான் வந்து உக்காரட்டும்."

அந்தத் தெருவில் குடும்பம் நடத்தும் நெசவாளி ஒருவர் அடுத்தவர் தறியில் பக்கத்து ஆளாக உட்கார்ந்தது இல்லை. அது பெண்கள் இடம், அல்லது வேலை பழகுகிறவர்கள் இடம். அக்கா என்னைச் சிரிக்காதே என்று எழுதியது அதனால்தான். தெரு சும்மா இருக்குமா? "டிரைவரு கிளீனராயிட்டாருடோய்" என்று ஜன்னல் வழியே குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள். "மத்தியானம் வந்து பாரு, அந்த கிளீனரு டிரைவராவான்" என்று உள்ளிருந்தே பதில் சொன்னார் கோவிந்தண்ணன்.

கேலியைச் சமாளித்துவிட்டார்கள். நெசவைத்தான் சமாளிக்க முடியவில்லை. இருவருமே குழியில் உட்கார்ந்து பழகியவர்கள். தன் வேகத்துக்கு அடுத்தவர் வர வேண்டும் என்று இருவருக்கும் எண்ணம். மாமா கால்மிதியை மாற்றும் முன்னரே கோவிந்தண்ணனின் நாடா ஓடிவிடும். கோர்வை விட்டுப்போய்க் கரையோரம் துளை விழுந்தது. நெய்த ஒரு சாணையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

"இன்னா மச்சான், பேஜார் பண்றே? நான் போட்டப்பறம் போடு" என்றார் மாமா.

"நீ எங்க போடற? யோசிச்சுகினு கீறே."

பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்த அக்கா, "ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார். பிறகு "போடு... வாங்கு... போடு... வாங்கு" என்று ஒரே சீராகச் சொல்லத் தொடங்கினார். இருவர் கைகளும் அந்தக் குரலுக்குள் வந்து சேர்ந்தன. அன்று ஒரு துளையும் விழவில்லை. அத்தனை வருடமாக அக்கா தமக்கு ஈடுகொடுத்து நாடா போடுவதாக மாமா நினைத்திருந்தார். அக்காவின் கைக்குத் தாம் மிதித்திருக்கிறோம் என்பது அன்றுதான் அவருக்குப் புரிந்தது. இதைச் சொன்னவர் மாமாவேதான்.

இப்படியாக இரண்டு வீடுகளும் அரைநாள் தறியில் காலம் தள்ளின. சோறு குறைந்தது; அடுப்பு அணையவில்லை.

மாசி மாதம் தொடங்கியபோது அந்தப் பாவின் கடைசிப் புடவை தறியில் இருந்தது. கல்யாணத்துக்குச் சொல்லி வைத்த புடவை. அதன் கூலிதான் பிரசவச் செலவுக்கு. எங்கள் வழக்கப்படி வீட்டில் குழந்தை பிறந்தால் தீட்டுக் கழியும் வரை தறியில் கை வைப்பதில்லை. குழந்தை முந்திக்கொண்டால் புடவை தறியிலேயே நிற்கும், முகூர்த்தமும் தாண்டிவிடும். அக்கா தம் வயிற்றைத் தடவி, "ஜல்தி வேணாம் ராஜா, முந்தானை மட்டும் முடியட்டும்" என்று சொல்வாராம். ஒரு காலையில் புடவையைத் தறியிலிருந்து இறக்கி மடித்தார்கள். அன்றே விளக்கேற்றும் நேரத்தில் என் மருமகன் குமரன் பிறந்தான். இரண்டு மாதம் கழித்து நான் வந்து பார்த்தபோது, அவனைத் தூளியில் போட்டுவிட்டு அக்கா தம் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆடியில் தனத்துக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோதும் பிற்பகலில் எதிர்வீட்டுக்குப் போனார். 1983இல் மருமகள் கல்யாணி பிறந்தபோது தனம் வந்து உட்கார்ந்தார். வாக்கைக் காப்பாற்ற ஆறு வருடமாயிற்று என்று கேலி செய்தவரும் அக்காதான்.

பிள்ளைகள் இருவரையும் படிக்க வைத்தார். யாரையும் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. பந்தியில் கேட்ட அந்தச் சித்திக்குக் கண் தெரியாமல் போனபோது அழைத்துப்போய் வைத்தியம் பார்த்தவரும் அவரே. சென்ற ஆண்டு நோய்வாய்ப்பட்டு மகள் வீட்டில் இருந்தார். கடைசி வாரத்தில் தனம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, "வலப்பக்கமா உக்காரு" என்று சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அதுவே நான் கேட்ட அவருடைய கடைசிச் சிரிப்பு.

நோயில் உடனிருந்து கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த தெருவினருக்கும், தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும், வர இயலாமல் ஆறுதல் சொன்னவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மறைந்த கோவிந்தண்ணனுக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தப் புடவையின் கடைசி ஒரு சாணில், கோவிந்தண்ணனை எழுப்பிவிட்டுத் தாமே உட்கார்ந்து கரை போட்டதாக அக்கா என்னிடம் சொன்னதுண்டு. டாக்டரம்மா சொன்ன பிறகு உட்கார விட்டிருப்பேனா என்று மாமா மறுக்கிறார். தாம் கண்ணால் பார்த்ததாக தனம் சொல்கிறார். ஆனால் அந்த வாரம் அவர் களம்பூரில் தம் அம்மா வீட்டில் இருந்ததாகத் தனத்தின் தம்பி சொல்கிறார். கை மாறிய இடம் கோர்வையில் தெரியும் என்கிறார்கள். புடவையோ யாரோ ஒரு மணப்பெண்ணுக்குப் போய்விட்டது. ஆகவே அந்த ஒரு சாண் யார் கையில் முடிந்தது என்பது இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.